பைட்விங், பானோ, எஃப்எம்எக்ஸ்: அமெரிக்கப் பல் இன்சூரன்ஸில் எக்ஸ்ரே க்ளைமைத் தப்பில்லாமல் போடுவது எப்படி

சென்னை பெருங்குடியில் உட்கார்ந்துகொண்டு டெக்சாஸில் இருக்கும் ஒரு பல் கிளினிக்கின் க்ளைம்களைப் பார்ப்பது என் வேலை. ஒன்பது வருடமாகிறது. கோடையில் அங்கே காலை எட்டு மணி என்றால் இங்கே மாலை ஆறரை. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் ஏழரை ஆகிவிடும். டீமில் புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் வாரம் என் பக்கத்து நாற்காலிதான். கிரௌன், ரூட் கெனால் மாதிரி பெரிய க்ளைம்களைக் கற்றுக்கொள்ளத்தான் எல்லோருக்கும் ஆசை. நான் எக்ஸ்ரேயில் ஆரம்பிப்பேன். 30 டாலர், 60 டாலர் வரிதானே என்று அதை யாரும் நின்று பார்ப்பதில்லை. ஆனால் ஒரு நாளில் போகும் க்ளைம்களில் பாதிக்கு மேல் எக்ஸ்ரே வரி ஒன்றாவது இருக்கும். தப்பு நடந்தால் அந்தப் பணம் கடைசியில் வந்து விழுவது பேஷன்ட் தலையில்.

இரண்டு வருடத்துக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். 68 வயது அம்மா ஒருவர், புது பேஷன்ட். கணவரின் பழைய வேலை வழியாக வந்த இன்சூரன்ஸ். அப்பாயின்ட்மென்டுக்கு முந்தின நாள் நான்தான் ஃபோன் போட்டேன். "எஃப்எம்எக்ஸ் கடைசியாக எப்போது எடுத்திருக்கிறார்?" என்று கேட்டேன். எஃப்எம்எக்ஸ் என்றால் வாய் முழுவதையும் காட்டும் எக்ஸ்ரே தொகுப்பு. "ஹிஸ்டரி எதுவும் இல்லை" என்றார் அந்தப் பக்கம் பேசியவர். குறித்துக்கொண்டு வைத்துவிட்டேன். மறுநாள் வாய் முழுக்க 18 படங்கள் எடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து ஈஓபி வந்தது, அதாவது எதற்கு எவ்வளவு கொடுத்தோம் என்று இன்சூரன்ஸ் அனுப்பும் விளக்கம். இன்சூரன்ஸ் கொடுத்தது பூஜ்யம். அதற்கு மூன்று வருடத்துக்கு முன் வேறொரு டாக்டரிடம் அவர் பானோ, அதாவது தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே, எடுத்திருக்கிறார். அவர் திட்டத்தில் பானோவும் எஃப்எம்எக்ஸும் ஒரே கணக்கு: ஐந்து வருடத்துக்கு இரண்டில் ஏதாவது ஒன்று. நான் கேட்டதற்கு அந்த ரெப் (இன்சூரன்ஸ் பிரதிநிதி) சரியாகத்தான் பதில் சொன்னார். கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை. கிளினிக் இன்சூரன்ஸோடு போட்ட ஒப்பந்தக் கட்டணப்படி 96 டாலர் அந்த அம்மா பெயரில் விழுந்தது. ஒரே தடவையில் கட்ட முடியாது என்று சொல்லி, மூன்று மாதம் 32 டாலராகக் கட்டினார். லெட்ஜரில் அந்த மூன்று வரிகளையும் நான்தான் பதிந்தேன்.

அதிலிருந்து எனக்கு ஒரு விஷயத்தில் சந்தேகமே இல்லை. எக்ஸ்ரே பில்லிங்கில் முக்கால்வாசி வேலை, படம் எடுப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முந்தின நாள் கால்

இன்சூரன்ஸுக்கு ஃபோன் போடும்போது "எக்ஸ்ரே கவர் ஆகுமா?" என்று கேட்காதீர்கள். "ஆகும்" என்றுதான் பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொரு வகைப் படத்துக்கும் உள்ள கோடை (code), அதாவது குறியீட்டு எண்ணை, சொல்லிக் கேளுங்கள். எஃப்எம்எக்ஸுக்கு டி0210, பானோவுக்கு டி0330, மேல், கீழ்க் கடைவாய்ப் பற்களைச் சேர்த்துக் காட்டும் பைட்விங் படம் நாலுக்கு டி0274, இரண்டு பைட்விங்குக்கு டி0272, ஒற்றைப் பல்லின் வேர்வரை தெரியும் பிஏ படத்துக்கு டி0220, அதே நாளில் அடுத்தடுத்த பிஏ படங்களுக்கு டி0230. ஒவ்வொன்றுக்கும் ஃப்ரீக்வென்சி (எத்தனை காலத்துக்கு எத்தனை முறை) என்ன, கடைசியாக எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். அடுத்த மூச்சிலேயே, "டி0210-உம் டி0330-உம் ஒரே ஃப்ரீக்வென்சியைப் பகிர்ந்துகொள்கின்றனவா?" இந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருந்தால் அந்த அம்மாவுக்கு 96 டாலர் மிச்சம்.

அப்புறம், வருடம் என்றால் எந்த வருடம் என்று கேளுங்கள். இங்கேதான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். "வருடத்துக்கு ஒரு முறை பைட்விங்" என்று ரெப் சொல்வார். அது காலண்டர் வருடமா, திட்டம் தொடங்கும் மாதத்திலிருந்து எண்ணும் பெனிஃபிட் வருடமா, நாள் கணக்கில் முழு 12 மாதமா? ஒருவர் போன வருடம் அக்டோபர் 14 அன்று பைட்விங் எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலண்டர் வருடம் என்றால் இந்த ஜனவரி 1 முதலே அவருக்கு மறுபடி கிடைக்கும். முழு 12 மாதம் என்றால் இந்த அக்டோபர் 10 அன்று எடுத்தாலும் நாலு நாள் வித்தியாசத்தில் க்ளைமை மறுத்துவிடுவார்கள். ஆறு மாதச் சுத்தம் செய்தலுக்கு வருகிறவர்களுக்கு இப்படிச் சில நாட்கள் முன்னே பின்னே ஆவது சர்வசாதாரணம். அப்படித் தெரிந்தால் ஃப்ரண்ட் டெஸ்கில் சொல்லி அப்பாயின்ட்மென்டை ஒரு வாரம் தள்ளிப் போடலாம், இல்லை அன்று சுத்தம் மட்டும் செய்து படத்தை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாம்.

குழந்தைகளுக்கு வயது வரம்பையும் கேளுங்கள். பல திட்டங்கள் சிறியவர்களுக்கு வருடத்துக்கு இரண்டு தடவை பைட்விங் கொடுக்கும், பெரியவர்களுக்கு ஒன்றுதான். திட்டம் வைத்திருக்கும் வயது வரம்பைத் தாண்டிய அன்றே விதி மாறிவிடும்.

எத்தனை சதவீதம் என்று கேட்கும்போது பிஏ படத்தைத் தனியாகக் கேட்பது நல்லது. அமெரிக்கத் திட்டங்களில் அடிக்கடி பார்ப்பது 100-80-50 என்ற அமைப்பு: தடுப்புச் சேவைக்கு 100, அடிப்படைச் சிகிச்சைக்கு 80, பெரிய சிகிச்சைக்கு 50. பைட்விங் 100-இல் உட்கார்ந்திருக்கும். பிஏவைச் சில திட்டங்கள் 80-இல் வைத்திருக்கும், மேலே டிடக்டிபிளும் (இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் பேஷன்ட் கட்ட வேண்டிய தொகை) ஏறும். பல்வலி என்று வந்தவருக்கு ஒரே ஒரு பிஏ எடுத்திருப்பார்கள், 30 டாலர். டிடக்டிபிள் 50 டாலர் என்றால் முழுப் பணமும் அவர் கையிலிருந்துதான். முன்பே சொல்லிவிட்டால் யாரும் சண்டை போடுவதில்லை. ஒரு மாதம் கழித்துத் தபாலில் பில் போனால்தான் கோபம் வருகிறது, அந்தக் கோபம் நியாயமானதும்கூட.

கடைசியாக ரெப்பின் பெயர், காலின் ரெஃபரன்ஸ் எண். இரண்டையும் தேதியோடு பேஷன்ட் நோட்ஸில் எழுதிவிடுங்கள். இன்சூரன்ஸின் வெப்சைட் போர்ட்டலில் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். போர்ட்டலில் தெரிவது பெரும்பாலும் பணம் கொடுத்து முடித்த க்ளைம்கள். போன வாரம் இன்னொரு கிளினிக்கில் எடுத்து, இன்னும் முடியாமல் நிற்கும் க்ளைம் அதில் தெரியாமல் போகலாம். அதனால் பேஷன்டையும் கேட்கச் சொல்வேன். "பானோ எடுத்தீர்களா?" என்றால் அவர்களுக்குப் புரியாது. "நின்றுகொண்டே இருக்கும்போது ஒரு மெஷின் உங்கள் தலையைச் சுற்றி வந்ததா?" என்று கேட்டால் உடனே ஞாபகம் வந்துவிடும்.

எண்ணிப் பார்த்துக் கோடு போடுவது

படங்கள் எடுத்தாகிவிட்டது. இப்போது சார்ட்டைத் திறந்து படங்களை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். டெம்ப்ளேட்டில் நாலு பைட்விங் என்று இருக்கும், ஆனால் அன்று மூன்றுதான் எடுத்திருப்பார்கள். மூன்று எடுத்தால் டி0273, நாலு இருந்தால்தான் டி0274. நிரந்தர இரண்டாம் கடைவாய்ப் பற்கள் இன்னும் முளைக்காத பையனுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு படம் போதும், டி0272. செங்குத்தாக வைத்து எடுக்கும் 7 அல்லது 8 பைட்விங்குக்கு டி0277 என்று தனிக் கோடு உண்டு, ஈறு நோய் உள்ளவர்களுக்கு அதிகம் எடுப்பார்கள். படம் மங்கலாக வந்ததால் மறுபடி எடுத்தது எண்ணிக்கையில் சேராது. பையன் அசைந்துவிட்டான், சென்சர் நழுவிவிட்டது, என்ன காரணமாக இருந்தாலும் சரி, அந்த இரண்டாவது படத்துக்குக் காசு கேட்கக் கூடாது.

எஃப்எம்எக்ஸ் என்பது வழக்கமாக 14 முதல் 22 படங்கள் வரை கொண்ட தொகுப்பு. எல்லாப் பற்களின் மேல்பகுதியும் வேரும், பற்களுக்கு இடையே உள்ள எலும்பும், பல் இல்லாத இடங்களும் தெரிய வேண்டும். பிஏவும் பைட்விங்கும் அதற்குள்ளேயே அடக்கம். டி0210 போட்ட நாளில் கூடவே டி0274 போட்டால், ஒரே படத்துக்கு இரண்டு தடவை காசு கேட்டதாகத்தான் அர்த்தம்.

டி0220 ஒரு நாளில் ஒரு தடவைதான் வரும். மூன்று பிஏ எடுத்திருந்தால் ஒரு டி0220, இரண்டு டி0230. எந்தப் பல்லுக்கு எடுத்தது என்று பல் எண்ணையும் போடுங்கள். இங்கே பிடிஎஸ் முடித்துவிட்டு இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் படித்த எண் முறை வேறு, அமெரிக்காவில் புழங்குவது வேறு. நீங்கள் 16 என்று சொல்லும் வலது மேல் முதல் கடைவாய்ப்பல் அங்கே 3. அங்கே 16 என்றால் இடது மேல் ஞானப்பல். 46 என்பது அங்கே 30. பால் பற்களுக்கு எண்ணே கிடையாது, ஏ (A) முதல் டி (T) வரை ஆங்கில எழுத்துகள். புத்திசாலியான ஒரு பெண், பல் மருத்துவப் பட்டதாரி, முதல் மாதத்தில் இதைக் குழப்பிக்கொண்டு, பிடுங்கிய பல்லுக்குப் படம் எடுத்ததாகக் க்ளைம் அனுப்பிவிட்டாள். மானிட்டர் ஓரத்தில் இரண்டு முறையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ரூட் கெனால் நடக்கும்போது நடுவில் எடுக்கும் படங்களும், முடிந்ததும் எடுக்கும் படமும் அந்தச் சிகிச்சைக் கட்டணத்துக்குள் அடக்கம். நோயைக் கண்டுபிடிக்க ஆரம்பத்தில் எடுத்த பிஏவை மட்டும் தனியாகப் போடலாம்.

இந்தக் கோடுகள் எல்லாம் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் வெளியிடும் சிடிடி தொகுப்பில் இருப்பவை. ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் புதுப் பதிப்பு நடைமுறைக்கு வரும். டிசம்பர் கடைசியில் சாஃப்ட்வேரில் பட்டியலைப் புதுப்பித்தார்களா என்று கேட்டு வையுங்கள்.

கூட்டிப் பார்க்க வேண்டிய கணக்கு

ஒரு உதாரணம். புது பேஷன்டுக்கு நாலு பைட்விங்கும் நாலு பிஏவும் எடுத்தார்கள். டி0274 62 டாலர், டி0220 30 டாலர், மூன்று டி0230 தலா 25 வீதம் 75. மொத்தம் 167. அதே கிளினிக்கில் டி0210-இன் கட்டணம் 148. தனித்தனிப் படங்களின் கூட்டுத்தொகை எஃப்எம்எக்ஸ் கட்டணத்தைத் தொட்டாலோ தாண்டினாலோ, பல திட்டங்கள் அதை எஃப்எம்எக்ஸாகவே மாற்றி, அந்தத் தொகைக்கு மேல் கொடுக்காது. பணம் குறைவது ஒரு பக்கம். சில திட்டங்களில் ஹிஸ்டரியிலும் எஃப்எம்எக்ஸ் என்றே பதிவாகிவிடும். அடுத்த வருடம் உண்மையிலேயே முழுத் தொகுப்பு தேவைப்படும்போது, "ஏற்கெனவே எடுத்தாயிற்று" என்று கதவை மூடிவிடுவார்கள். பானோவும் பைட்விங்கும் ஒரே நாளில் எடுத்தாலும் இதே மாற்றத்தைச் செய்யும் திட்டங்கள் உண்டு. அதனால்தான் முந்தின நாள் காலிலேயே இதையும் கேட்கச் சொல்கிறேன்.

இந்தக் கணக்கு தெரிந்த பிறகு ஒரு ஆசை வரும். எஃப்எம்எக்ஸுக்கு ஃப்ரீக்வென்சி இன்னும் திறக்கவில்லையே, எடுத்த 18 படங்களையும் உடைத்து பைட்விங்காகவும் பிஏவாகவும் போட்டால் என்ன? இல்லை, பானோவை இன்று எடுத்துவிட்டு, ஃப்ரீக்வென்சி திறக்கும் அடுத்த வாரத் தேதியைப் போட்டால் என்ன? கிளினிக்கிலிருந்தே இப்படிக் கேட்டு எனக்கு மெசேஜ் வந்திருக்கிறது, அதுவும் பேஷன்டுக்கு உதவுகிறோம் என்ற நல்ல எண்ணத்தில். செய்யவே கூடாது. அது இன்சூரன்ஸ் மோசடி, அரசுப் பணத்தில் ஓடும் மெடிகெய்ட் என்றால் விளைவு இன்னும் கடுமை. படத்தின் ஃபைலுக்குள்ளேயே எடுத்த தேதி பதிந்திருக்கிறது. ஆடிட் வந்து படத்தைக் கேட்டால் மறைக்க ஒன்றுமில்லை. எடுத்ததைப் போடு, எடுத்த தேதியைப் போடு. இதில் மட்டும் நான் யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை. டாக்டரிடமும்தான்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம்: இன்சூரன்ஸ் கொடுக்கிறது என்பதற்காகப் படம் எடுப்பது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவும் சேர்ந்து 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், டாக்டர் வாயைப் பரிசோதித்த பிறகே என்ன படம் வேண்டும் என்று முடிவு செய்யச் சொன்னது. சொத்தை வரும் ஆபத்து அதிகமில்லாத பெரியவருக்கு பைட்விங் 24 முதல் 36 மாதத்துக்கு ஒரு முறை, ஆபத்து அதிகம் என்றால் 6 முதல் 18 மாதத்துக்கு ஒரு முறை என்றது. இன்சூரன்ஸின் "வருடத்துக்கு ஒன்று" என்பது அவர்கள் பணம் கொடுக்கும் எல்லை. படம் தேவையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அதனால் சார்ட்டில் இரண்டு வரி இருக்கிறதா என்று பார்ப்பேன்: ஏன் எடுக்கச் சொன்னார், படத்தில் என்ன கண்டார். இரண்டும் இல்லையென்றால் க்ளைமை நிறுத்திவைத்து டாக்டருக்குக் குறிப்பு அனுப்புவேன். படத்தைப் படித்து எழுதாமல் காசு மட்டும் வாங்கியது ஆடிட்டில் நிற்காது.

க்ளைம் போகும்போது

கட்டணக் கட்டத்தில் கிளினிக்கின் முழுக் கட்டணத்தைப் போடுங்கள், ஒப்பந்தத் தொகையை அல்ல. கழிக்க வேண்டியதை இன்சூரன்ஸ் கழித்துக்கொள்ளும். ஏடிஏ (அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம்) படிவத்தில் 35-ஆம் கட்டம் குறிப்பு எழுதும் இடம். வழக்கமான பைட்விங்குக்கு அங்கே ஒன்றும் எழுத வேண்டாம். வலிக்காக எடுத்த பிஏ என்றால் ஒரு வரி எழுதுங்கள்: "30-ஆம் பல், மெல்லும்போது வலி, மூன்று நாளாக, வேர்நுனியில் சீழ் இருக்கிறதா என்று பார்க்க." இவ்வளவு போதும். கதை எழுதினால் அந்தப் பக்கம் யாரும் படிப்பதில்லை.

குழந்தைக்கு அம்மா, அப்பா இருவர் வழியாகவும் இன்சூரன்ஸ் இருந்தால், பெற்றோர் சேர்ந்து வாழும் குடும்பங்களில் பொதுவான விதி பிறந்தநாள் விதி. வருடத்தில் யாருடைய பிறந்தநாள் முன்னால் வருகிறதோ அவருடைய திட்டம் முதலில். மாதமும் தேதியும்தான் கணக்கு, யார் வயதில் மூத்தவர் என்பது இல்லை. அம்மா மார்ச் 3, அப்பா ஆகஸ்ட் 20 என்றால் அம்மாவுடையது முதல்.

ஈஓபி வந்தபின்

பணம் வரவில்லை என்றதும் மொத்தத்தையும் பேஷன்ட் கணக்குக்குத் தள்ளிவிடுவது பெரிய தவறு. புதியவர்கள் முதல் வாரத்திலேயே இதைச் செய்வார்கள். ஒவ்வொரு வரியிலும் உள்ள காரணக் கோடைப் படியுங்கள். சிஓ என்று தொடங்கினால் ஒப்பந்தத்தால் கழிந்தது, கிளினிக் விட்டுக்கொடுக்க வேண்டியது. பிஆர் என்று தொடங்கினால் பேஷன்ட் பொறுப்பு. சிஓ-45 என்றால் நம் கட்டணம் ஒப்பந்தத் தொகையைவிட அதிகம், மிச்சத்தைக் கழித்துவிடு. சிஓ-97 என்றால் இந்தச் சேவை இன்னொன்றுக்குள் அடங்கிவிட்டது. மேலே சொன்ன 167 டாலர் கணக்கில் வருவது இதுதான். இன்சூரன்ஸின் நெட்வொர்க்கில் உள்ள கிளினிக், அப்படிக் குறைத்த தொகையைப் பேஷன்டிடம் கேட்க முடியாது. பிஆர்-119 என்றால் அந்தக் காலத்துக்கான வரம்பு முடிந்துவிட்டது, பேஷன்ட் கட்ட வேண்டும்.

வார்த்தையிலும் இதே வித்தியாசம் உண்டு. "டினைட்" என்று எழுதியிருந்தால் பொதுவாகப் பேஷன்டிடம் கேட்கலாம். "டிஸ்அலவ்ட்" என்று எழுதியிருந்தால் கேட்கக் கூடாது. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பில் அனுப்பிய கணக்குகளை நான் எடுத்துச் சரிசெய்திருக்கிறேன். தராமல் இருக்க வேண்டிய பணத்தைக் கட்டிவிட்டு, கேட்கத் தெரியாமல் இருந்தவர்களுக்கு ரீஃபண்ட் போயிருக்கிறது.

ஃப்ரீக்வென்சி என்று மறுத்தால் உடனே அப்பீல் எழுதாதீர்கள். எந்தத் தேதி, எந்தக் கோடு தடுத்தது என்று முதலில் ஃபோனில் கேளுங்கள். சில சமயம் அதே க்ளைம் இரண்டு தடவை போய், முதலாவதே இரண்டாவதைத் தடுத்திருக்கும். சில சமயம் குடும்பத்தில் வேறொருவரின் படம் இவர் பெயரில் ஏறியிருக்கும். நாம் முந்தின நாள் கேட்டபோது "ஹிஸ்டரி இல்லை" என்று சொல்லியிருந்தால், அந்த ரெஃபரன்ஸ் எண்ணைச் சொல்லி மறுபரிசீலனை கேளுங்கள். ஃபோனில் சொன்னது பணம் தருவதற்கு உத்தரவாதம் இல்லை என்று ஒவ்வொரு காலின் தொடக்கத்திலும் ஒரு பதிவுக் குரல் சொல்லும். எண்ணைக் கொடுத்துக் கேட்டபோது சில தடவை பணம் வந்திருக்கிறது, சில தடவை வரவில்லை.

வரவில்லை என்றால் ஸ்டேட்மென்ட் அனுப்புவதற்கு முன் ஃப்ரண்ட் டெஸ்கிலிருந்து ஒரு ஃபோன் போகச் சொல்லுங்கள். எவ்வளவு, ஏன், தவணையில் கட்டலாம், மூன்றும் அந்த ஃபோனிலேயே.

அந்த 68 வயது அம்மா, இப்போது 70, அடுத்த மாதம் சுத்தம் செய்ய வருகிறார். எங்கள் எஃப்எம்எக்ஸுக்கு இன்சூரன்ஸ் பணம் கொடுக்கவில்லை. அதனால் அவருடைய ஐந்து வருடம் அந்தப் பழைய பானோ தேதியிலிருந்துதான் எண்ணப்படுகிறது. அது அடுத்த மாதம் 19-ஆம் தேதி முடிகிறது. அப்பாயின்ட்மென்ட் 12-ஆம் தேதி போட்டிருந்தார்கள். படம் தேவையா என்பது டாக்டர் பார்த்து முடிவு செய்வது. ஆனாலும் நேற்று இரவு கால் போட்டு, எல்லாக் கேள்வியும் கேட்டு, ரெஃபரன்ஸ் எண்ணோடு நோட்ஸில் எழுதிவிட்டு, 12-ஐ 24-க்கு மாற்ற முடியுமா என்று அவரைக் கேட்கும்படி ஃப்ரண்ட் டெஸ்குக்கு மெசேஜ் போட்டேன். 24-ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.